நாற்பது கிற்றாரும் ஒரு கருத்தும்

லொறியிலிருந்து இறக்கிய முதல் பெட்டியைத் தோளில் வாங்கியபோதே பஸ்தியாம்பிள்ளைக்குச் சந்தேகம் தட்டியது. ஈயம் கோத்த நண்டு வலை இத்தனை இலேசாக இருக்க வழியில்லை. பெட்டியை மெல்லக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே யாரோ முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது. வலை முனகாது என்பது முப்பது வருடம் கடலில் கிடந்த மனிதருக்குத் தெரியும்.

அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் நடுவில் பற்றைக்காட்டை வெட்டி எழுப்பிய குடியிருப்பு அது. நாற்பது தகரக் கொட்டில்கள். பாதிப் பேர் பஸ்தியாம்பிள்ளையைப்போல இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பியவர்கள். மீதிப் பேர் இருபது வருடம் புத்தளத்தில் அகதிகளாக இருந்துவிட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள். சண்டை முடிந்து இரண்டு வருடமாகியும் ஊருக்குத் தண்ணீர்க் குழாய் வரவில்லை, கரண்ட் வரவில்லை. ஆனால் உதவி செய்த நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் பதினொன்று வந்து வரிசையாக நின்றன. பன்னிரண்டாவது பலகையோடு வந்திருந்தது ‘மீளெழும் கரை’ நிறுவனம்.

அதன் பணிப்பாளர் கலாநிதி யோகராசா குத்துவிளக்கேற்றிவிட்டு, முதல் பெட்டியைத் தன் கையாலேயே திறந்தார். தேன் நிறத்தில் ஒரு கிற்றார் வெளியே வந்தது. சாதாரணமாக மாதா கோயிலில் பார்க்கிற கிற்றார் அல்ல. வயிறு உப்பியிருந்தது. நடுவில் வட்ட ஓட்டை இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. அதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் கடற்குதிரை வடிவத்தில் இரண்டு ஓட்டைகள். தண்ணீரை விழுங்கி ஊதிப்போய்க் கிடக்கும் பேத்தை மீனை எல்லாரும் பார்த்திருந்ததால், ஊர் அந்த நிமிடமே அதற்குப் ‘பேத்தை’ என்று பெயர் வைத்துவிட்டது.

“அன்பான பயனாளிகளே!” என்றார் யோகராசா. “மற்ற நிறுவனங்கள் நீங்கள் கேட்காததைத் தரும். நாங்கள் மட்டும்தான் கேட்டதைத் தருகிறோம். நீங்கள் கிற்றார் கேட்டீர்கள். கொழும்பில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. படிவத்தில் எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கமோ, யோசிக்கிற பழக்கமோ எனக்கு இல்லை!”

கூட்டம் கை தட்டியது. இரண்டு வருடத்தில் அவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. யாராவது பேசி நிறுத்தினால் கை தானாகத் தட்டிவிடும்.

பஸ்தியாம்பிள்ளை மட்டும் கை தட்டவில்லை. யார் கிற்றார் கேட்டது என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும் பெட்டியின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். சமையல் சாமானோ, சவர்க்காரமோ, தொழில் உபகரணமோ, பெட்டியில் போட்டு நிறுவனங்கள் கொடுக்கிற எதற்கும் அந்தக் காலத்தில் ‘கிற்’ என்றுதான் பெயர். எட்டு மாதத்துக்கு முன்னால் ‘மீளெழும் கரை’யின் கள உத்தியோகத்தர் சுபாஜினி, குடையும் பேனையுமாக வந்து, ஊருக்கு என்ன வேணும் என்று கேட்டாள். மீனவர் சங்கத் தலைவர் என்ற முறையில் பஸ்தியாம்பிள்ளைதான் பதில் சொன்னார். பக்கத்து ஊரில் பங்குச் சுவாமியார் மீன்பிடிக் கிற் கொடுத்துக்கொண்டிருந்தார். அதை மனதில் வைத்து, “அங்கை சுவாமியார் கிற் தாறார், பிள்ளை. எங்களுக்கும் அதுதான் வேணும். நாப்பது வீட்டுக்கும்” என்றார். அவருடைய வாயில் வெற்றிலை இருந்தது. கச்சான் காற்று வேறு வீசியது.

விழா முடிந்து பணிப்பாளரின் வாகனம் போனதும் சுபாஜினியை ஓரமாகக் கூப்பிட்டார்.

“பிள்ளை, நான் அண்டைக்குக் கிற் எண்டெல்லோ சொன்னனான்.”

“ஓம் ஐயா. கிற்றார்.”

“கிற் தாறார்!”

“அதைத்தானே ஐயா எழுதினனான். சுவாமியார் கிற்றார் எண்டு. கோயில் பாட்டுக்காக்கும் எண்டு நினைச்சன்.”

பஸ்தியாம்பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “கிற். தாறார்.”

சுபாஜினியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. “ஐயோ, ஐயா! வெளியில சொல்லிப்போடாதேங்கோ. ஏழு பேர் கையெழுத்து வைச்சிட்டினம்.”

“அப்ப எங்கட வலை?”

“வலை எங்கட ஸ்ரோரில கிடக்கு ஐயா, மன்னாரில. சரியா நாப்பது செற். ஆனா ஒரு ஊருக்கு ஒரு நேரத்தில ஒரு கோவைதான், அதான் ஒரு பைல்தான், திறக்கலாம். கிற்றார்க் கோவையை மூடினாத்தான் வலைக் கோவையைத் திறக்கேலும்.”

“மூடுறதுக்கு என்ன செய்யோணும்?”

“கிற்றாரைப் பற்றி ஊர் தன்ரை கருத்தைச் சொல்லோணும். படிவத்தில ஒரு வரிதான் இடமிருக்கு. அதனால ஊர் முழுக்க ஒரே கருத்தா இருக்கோணும்.”

“அதுக்கென்ன, ஒரே கருத்துத்தான். வேண்டாம்!”

“வேண்டாம் எண்டுறது கருத்தில்லை ஐயா, கோரிக்கை. அதுக்கு வேற படிவம். அந்தப் படிவம் முடிஞ்சுபோச்சு.” அவள் தயங்கினாள். “அதோட, கிற்றார் வாசிக்கத் தெரியாத ஆக்களின்ரை கருத்துச் செல்லாது.”

அப்படியாகத்தான் அரிப்புக் கரையில் பன்னிரண்டு நாள் பயிற்சி வகுப்பு தொடங்கியது. கொழும்பு ஹோட்டலில் வாசிக்கிற றொஷான் என்ற இளைஞனை வாகனம் வைத்துக் கொண்டுவந்தார்கள். பாவம், அவன் நல்லவன். பேத்தையைக் கண்டதும் அவனுடைய கண் மலர்ந்தது.

“இது ஜாஸ் வாசிக்கிற சாதி கிற்றார், அங்கிள். உண்மையானது எண்டா வீடு வித்துத்தான் வாங்கோணும். இது ஏழைக்குச் செய்தது. சிலர் இதைத் தலையில வைச்சுக் கொண்டாடுவினம், சிலர் விறகு எண்டுவினம். வாசிச்சுப் பாத்து நீங்கள்தான் முடிவு செய்யோணும்.”

“ஜாஸ் எண்டா என்ன தம்பி?” என்று கேட்டாள் பஸ்தியாம்பிள்ளையின் மனைவி மெற்றில்டா.

“இருக்கிற பாட்டை விட்டிட்டு விலகிப் போறது அக்கா. கண்டபாட்டுக்கு எங்கெங்கையோ சுத்திப்போட்டு, கடைசியில தொடங்கின இடத்துக்குத் திரும்பி வாறது.”

“அதைத்தானே இருவது வருசமா செய்துகொண்டிருந்தம்,” என்றாள் மெற்றில்டா. “அதுக்கு இப்பிடி ஒரு பேர் இருக்கெண்டு தெரியாமப் போச்சு.”

முதல் மாதத்துக் கருத்துப் படிவத்தில் ஆளுக்கொன்றாக எதையோ கிறுக்கிக் கொடுத்தார்கள். ஒரே கருத்து இல்லையென்று கோவை மூடப்படவில்லை, அடுத்த மாதமும் படிவம் வந்தது. வேலையில்லாத மனிதர் கையில் ஒரு சாமானைக் கொடுத்து, மாதம் தவறாமல் கருத்துக் கேட்டால் என்ன நடக்கும்? உண்மையாகவே கருத்து வந்துவிடும். ஊருக்கு வந்துவிட்டது.

கோயில் பாடகர் குழுவில் பாடுகிற தோமஸ், சத்தம் கோயிலில் கடைசி வாங்கில் இருப்பவர்வரை போய்ச் சேராது என்றார். கரண்டில் கொழுவினால் ஊரையே தூக்கும் என்று றொஷான் சொல்லியிருந்தான். கரண்டுக்கு எங்கே போவது? தச்சுவேலை செய்கிற அப்துல் ஹமீட் ஒரு நாளும் அதை மீட்டவில்லை. டோர்ச் லைற்றைக் கடற்குதிரை ஓட்டையால் உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு, “செதுக்கின பலகையில்லை, ஒட்டுப்பலகையை அமத்தி வளைச்சிருக்கிறான். எண்டாலும் வேலை சுத்தம். கழுத்துத்தான் உலக்கை” என்று தீர்ப்புச் சொன்னார். ஓசை கருவாடுபோலக் காய்ந்து கிடக்கிறது என்று ஒரு கட்சியும், அந்த வறட்சிதான் அழகென்று இன்னொரு கட்சியும் உண்டாயின. ஒன்றாகத் தண்ணீர் அள்ளப் போன இரண்டு பெண்கள், புது நரம்பு நல்லதா ஊறிய நரம்பு நல்லதா என்ற கேள்வியில் முகம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள். நல்ல ஒரு ஊர் இப்படிக் கெட்டுக் குட்டிச்சுவராவதைப் பார்க்கப் பஸ்தியாம்பிள்ளைக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அவருக்கும் ஒரு கருத்து இருந்தது என்பதுதான் அதைவிடப் பெரிய ஆத்திரம். அவருடைய காது ஒரு மாதிரியான காது. கரையில் எவருடைய படகு இஞ்சின் பிசகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கழற்றிப் பார்க்கமாட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “பிளக் போச்சு” என்றோ “மகனே, இதுக்குள்ள தண்ணி பூந்திருக்கு” என்றோ சொல்வார். சொன்னது தப்பியதில்லை. அந்தக் காதுக்கு அவருடைய பேத்தையில் ஒரு குறை பட்டுவிட்டது. மூன்றாம் நரம்பைக் கழுத்தின் நாலாம் கட்டையில் பிடித்தால் ஒரு சின்ன இரைச்சல். ஈ பறக்கிற அளவு. வேறு ஒருவருக்கும் கேட்காது. கடதாசி மடித்து வைத்துப் பார்த்தார், மெழுகு பூசிப் பார்த்தார். போகவில்லை.

மூன்றாம் மாதம் பாலம் விழுந்தது.

இந்தச் சாதிக் கிற்றாரில் நரம்புகளைத் தாங்குகிற சின்ன மரத்துண்டுக்குப் பாலம் என்று பெயர். அதை ஒட்டுவதில்லை. நரம்பு அழுத்துகிற அழுத்தத்தில் அது தன் பாட்டுக்கு நிற்கும். உப்புக் காற்றில் நரம்பு துருப்பிடித்ததென்று தோமஸ் ஆறையும் ஒன்றாகக் கழற்ற, துண்டு மடியில் விழுந்தது. பயந்துபோன மனிதர் அந்த மாதப் படிவத்தில், “எனது பாலம் விழுந்துவிட்டது” என்று எழுதினார். படிவம் எங்கெங்கோ போனது. மூன்று கிழமைக்குப் பிறகு பாலங்களுக்குப் பொறுப்பான ஒரு கந்தோரிலிருந்து இரண்டு ஜீப்பில் ஆட்கள் வந்து, “விழுந்த பாலம் எங்கே?” என்று கேட்டார்கள்.

தோமஸ் உள்ளே போய் எடுத்துவந்து காட்டினார்.

அவர்கள் சிரிக்கவில்லை. நாடாவைப் பிடித்து அளந்தார்கள். ஆறு அங்குலம். இந்தப் பாலத்தால் பாரமான வாகனங்கள் போகக்கூடாது என்று முடிவெடுத்து, தோமஸின் படலையடியில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை நட்டார்கள். அங்கிருந்து முந்நூறு யார் தூரம் தள்ளி, மாரி மழையில் உடைந்த மதகைக் கடக்க முடியாமல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போவதைப் பஸ்தியாம்பிள்ளை காட்டினார். “அதைப்பற்றி எங்களுக்கு எழுத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை” என்றார் பொறியியலாளர். ஜீப்பை மதகுக்குப் பக்கத்தால் பள்ளத்தில் இறக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள்.

புரட்டாதி வந்தது. சோழகக் காற்று அடங்கத் தொடங்கியது. இன்னும் சில கிழமையில் கடல் தணிந்து நண்டு கரைக்கு ஏறும். மைத்துனன் விட்டுப்போன பழைய படகைப் பஸ்தியாம்பிள்ளை தார் பூசி வைத்திருந்தார். இஞ்சினும் இருந்தது. வலைதான் இல்லை. வலை இல்லாவிட்டால் இந்த வருடமும் சம்மாட்டியின் படகில் கூலிக்கு ஏறவேண்டும். பிடித்த நண்டை எண்ணுவது சம்மாட்டி, குனிந்து நிற்பது பஸ்தியாம்பிள்ளை. ஐம்பத்திரண்டு வயதில் அந்தக் குனிவு அவருக்கு நெஞ்சில் வலித்தது. பொறுக்காமல் பஸ் பிடித்து மன்னாருக்குப் போனார்.

‘மீளெழும் கரை’யின் கந்தோரில் காத்திருந்தபோது ஸ்ரோர் கதவின் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். பச்சை வலைகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. புது நைலோன் வாசம் மூக்கில் ஏறியது. கையை உள்ளே விட்டுத் தொட்டும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. காவல்காரன் கண்டு கையை எடுக்கச் சொன்னான்.

யோகராசா அவரைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்தார்.

“ஐயா, எங்கட கோவையை எப்ப மூடுவியள்?”

“மூடுவதா?” பணிப்பாளர் உண்மையிலேயே திடுக்கிட்டார். “பஸ்தியாம்பிள்ளை, உங்கள் ஊரின் பெறுமதி உங்களுக்குத் தெரியவில்லை. ஒரே கருத்துச் சொன்ன ஊர்கள் இருந்தன. ஆடு கொடுத்தோம், நல்லது என்றார்கள். கோழி கொடுத்தோம், நல்லது என்றார்கள். ஆறு மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அங்கே வேலை செய்த பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பவேண்டி வந்தது. எவ்வளவு வேதனை! ஆனால் உங்கள் ஊரில் கருத்து வேறுபாடு இருக்கிறது. அதைத் தீர்க்க ஒரு குழு. குழுவைக் கண்காணிக்க ஒரு பிரிவு. பிரிவுக்கு இரண்டு வாகனம். உங்கள் ஊரால் இருபத்திரண்டு குடும்பங்கள் சாப்பிடுகின்றன. உங்களைப்போல ஒரு ஊரை நாங்கள் தேடிப் போனாலும் கிடைக்காது.”

திரும்பி வருகிற பஸ்ஸில் பஸ்தியாம்பிள்ளைக்கு எல்லாம் வெளித்துவிட்டது. அன்று பின்னேரமே சங்கத்தைக் கூட்டினார்.

“வாற புதன்கிழமை அவை கருத்துக் கேட்க வருகினம். நாப்பது வீடும் ஒரே சொல்லுத்தான் சொல்லோணும். நல்லம். அவ்வளவுதான்.”

“பொய் சொல்லச் சொல்லுறியளோ?” என்று தோமஸ் எழும்பினார். “கடைசி வாங்குக்குக் கேக்காத சாமானை நான் எப்பிடி நல்லம் எண்டுறது?”

“நல்லந்தான்,” என்றார் அப்துல் ஹமீட், “எண்டாலும் கழுத்து உலக்கை எண்டதை ஒரு ஓரமாப் போட்டா என்ன?”

“ஓரமும் இல்லை, மூலையும் இல்லை! ஒரு வரிதான் இடம்!”

மெற்றில்டா எழுந்தாள். “கழுத்தைப் பற்றி வலை வந்தாப்பிறகு கதையுங்கோ. பிள்ளையளின்ரை வயித்தைப் பற்றி இப்ப யோசியுங்கோ.”

நாலு நாள் கடற்கரையில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் “நல்லம்” சொல்லவைத்துப் பழக்கினார் பஸ்தியாம்பிள்ளை. தோமஸ் சொல்லும்போது முகத்தைச் சுளித்தார். அவரை மட்டும் பத்துத் தடவை திரும்பச் சொல்லவைத்தார்.

புதன்கிழமை வந்தது. சங்கக் கொட்டிலில் மேசை போட்டு யோகராசா நடுவில் இருந்தார். பக்கத்தில் பேனையோடு சுபாஜினி.

“நல்லம்,” என்றார் தோமஸ், மருந்து குடித்தவர்போல.

“அல்ஹம்துலில்லாஹ், நல்லம்,” என்றார் அப்துல் ஹமீட்.

நல்லம், நல்லம், நல்லம். பத்து, இருபது, முப்பது. சுபாஜினியின் முகத்தில் சிரிப்பு மெல்ல எட்டிப் பார்த்தது. அவள் அன்றைக்கே வலை ஏற்ற ஒரு லொறிக்குச் சொல்லிவைத்திருந்தாள். பணிப்பாளரின் முகம் வாடிக்கொண்டே போனது. இருபத்திரண்டு குடும்பங்களும் அவர் கண்ணுக்குள் வந்து நின்றிருக்கவேண்டும். முப்பத்தொன்பது முடிந்து, கடைசியாகப் பஸ்தியாம்பிள்ளை பேத்தையோடு போய் நின்றார்.

“நல்லம்,” என்றார்.

சுபாஜினி எழுதினாள். யோகராசா பெருமூச்சோடு எழுந்து, “பிரியும்போது ஒரு முறை கேட்போம்” என்று கிற்றாரை வாங்கினார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. விரல் போன இடத்தில் அழுத்தி மீட்டினார். மூன்றாம் நரம்பு. நாலாம் கட்டை.

ஈ பறந்தது.

“ஆகா!” என்று கண்ணை மூடினார் பணிப்பாளர். “என்ன சுத்தமான நாதம்! ஒரு பிசகும் இல்லை. என்ன பஸ்தியாம்பிள்ளை, ஒரு பிசகும் இல்லைத்தானே?” திரும்பவும் மீட்டினார். திரும்பவும் இரைந்தது.

பஸ்தியாம்பிள்ளை பல்லைக் கடித்தார். மெற்றில்டாவைப் பார்த்தார். அவள் வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கம்பிக்குள் கிடந்த பச்சை வலையை நினைத்துக்கொண்டார். நாலு பிள்ளைகளையும் பெயர் சொல்லி நினைத்துக்கொண்டார். பணிப்பாளர் மூன்றாம் தடவையும் மீட்டினார்.

“நல்லம்,” என்றார் பஸ்தியாம்பிள்ளை. “ஆனா…”

யோகராசா கண்ணைத் திறந்தார்.

“மூண்டாம் நரம்பு நாலாங் கட்டையில இரையுது.”

யோகராசா கிற்றாரை மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். “எழுதுங்கள் பிள்ளை! ஆனா! ஆனா என்று எழுதுங்கள்!”

சுபாஜினியின் பேனை நகரவில்லை. அதற்குள் தோமஸ் பாய்ந்து எழும்பினார். “அப்ப நான் மட்டும் என்னத்துக்கு வாயைப் பொத்தோணும்? கடைசி வாங்குக்குக் கேக்காது!” “கழுத்து உலக்கை!” என்றார் அப்துல் ஹமீட். நாலு நாளாக அடக்கிவைத்த கருத்தெல்லாம் மடை திறந்துகொண்டது. எழுதி முடிக்க இரண்டு மணித்தியாலம் பிடித்தது. கூடுதல் கடதாசி வாங்க வாகனம் சிலாவத்துறைக்குப் போய்வந்தது.

மெற்றில்டா ஐந்து நாள் அவரோடு கதைக்கவில்லை. ஆறாம் நாள், “உங்கட காதை அறுத்து நண்டுக்கு இரை போட்டிருக்கோணும்” என்று மட்டும் சொன்னாள். ஐப்பசியில் நண்டு ஏறியது. பஸ்தியாம்பிள்ளை சம்மாட்டியின் படகில் கூலிக்கு ஏறி, பருவம் முழுதும் குனிந்து நின்றார். வருடக் கணக்கு முடிந்ததென்று பச்சை வலைகள் கொழும்புக்குத் திரும்பிப் போனதாகச் சுபாஜினி சொன்னாள். சொல்லும்போது அழுதாள்.

பங்குனியில் ஒரு நாள் காலை படகு இழுத்துவிட்டு வந்தபோது, தோமஸின் படலையில் நின்ற சிவப்புப் பலகைக்கு அப்பால் ஒரு லொறி வருவதைக் கண்டார். சுபாஜினி முன்னால் இருந்தாள்.

“ஐயா,” என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். “கிற் வந்திருக்கு.”

நாற்பது பெட்டி. மேலே பெரிய எழுத்தில் ‘கிற்’ என்றே அச்சடித்திருந்தது. பெட்டி பாரமில்லாமல் இருந்ததைக் கவனித்தும் கவனியாதவர்போலப் பஸ்தியாம்பிள்ளை கத்தியால் கயிற்றை அறுத்தார். உள்ளே ஆறு நரம்பு, ஒரு மஞ்சள் துடைப்புத் துணி, பாலத்தை உயர்த்த ஒரு சின்னத் திருகி, ‘கிற்றார்க் கருத்து வேறுபாடு நிவர்த்திக் கிற்’ என்று தலைப்புப் போட்ட ஒரு துண்டு.

அவர் கோபப்படுவாரென்று மெற்றில்டா வாசலில் வந்து நின்றாள். அவர் உள்ளே போய்ப் பேத்தையை எடுத்துவந்தார். மூன்றாம் நரம்பை மாற்றினார். திருகியால் பாலத்தை ஒரு மயிரிழை உயர்த்தினார். நாலாம் கட்டையில் விரலை வைத்து, தலையைச் சாய்த்து, ஒருமுறை தட்டினார். பிறகு இன்னொரு முறை. இரைச்சல் இல்லை. தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது.

“இப்ப நல்லம்,” என்றார் பஸ்தியாம்பிள்ளை.

லொறி அதற்குள் சுபாஜினியோடு சிவப்புப் பலகையைத் தாண்டிப் போய்விட்டது. அவர் சொன்னதை எழுதிக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை.